அப்பா பிடித்திருந்த பெல்ட்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் வலது கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரம்மா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "ஆம்பள எத்தினி நாளு பாப்பான்? அஞ்செட்டியில அவ அம்மா ஊட்டுல கொண்டு போய் விட்டுருவான் பாரு."

அன்றிலிருந்து அப்பா வண்டிச் சாவியை எடுத்தாலே நான் ஓடிப்போய் அம்மாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். பள்ளியிலிருந்து திரும்பியதும் வாசலில் அம்மாவின் செருப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அவள் செருப்பு போட்டே மாதக்கணக்காகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

பிசியோதெரபி கொடுத்த அக்கா கன்னடக்காரர். ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அம்மாவை நிறுத்தி, இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு, "நிதானா, அம்மா, நிதானா. குதிகால் மொதல்ல" என்பார். பிறகு அந்தப் பெல்ட்டை அப்பாவிடம் கொடுத்தார்.

"இப்ப கைய விட்டா விழுந்துருவாங்க, சார். தைரியம் வந்த அப்பறம் விட்டுப் பாக்கலாம்."

முதல் பாதிதான் என் மனதில் நின்றது.

ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெல்ட்டைக் கட்டுவார். கட்டிலிலிருந்து வாசல்வரை நடை. அம்மாவின் கால்விரல்கள் சிமென்ட் தரையில் உரசும் சத்தத்துக்குப் பயந்து நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம், பாதி வழியில், அப்பாவின் விரல்கள் மெல்லப் பிரிந்தன. பெல்ட் தொங்கியது. அதைத் தொடாமல், தொட்டுவிடும் தூரத்தில், அவர் கைகள் விரிந்திருந்தன. நான் கத்தினால் அம்மா திரும்பி விழுந்துவிடுவாள். கத்தாவிட்டாலும் விழுவாள். அப்பா அம்மாவை விட்டுவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

முட்டி ஒருமுறை மடங்கப் பார்த்தது. அம்மா நின்றாள். மறுபடி காலைத் தூக்கி வைத்தாள். கதவு நிலையை எட்டிப் பிடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் ஓடிப்போய் அப்பாவின் தொடையில் மாறி மாறிக் குத்தினேன். அவர் தடுக்கவே இல்லை.

சில மாதங்களில் அந்தப் பெல்ட் பீரோவின் மேலே போய்விட்டது. அம்மா இன்றும் லேசாக இழுத்துத்தான் நடக்கிறாள், யாரும் பிடிப்பதில்லை. ஆனால் அப்பா கையை விட்டதற்கு மறுநாள் காலையில், இடது கையால் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவளிடம் நான் கோள் சொன்னேன்.

"அப்பா கைய விட்டுட்டாரும்மா. உனக்குத் தெரியாது."

"இடுப்புல கட்டுனது லூசானா தெரியாதா கண்ணு? திரும்பிப் பாத்தா அவரு புடிச்சிக்குவாரு. அதான் பாக்கல."

"அப்பறம் ஏன் அழுத?"

"ஸ்கூலுக்கு நேரமாவுது பாரு" என்றாள்.

விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. நடந்து முடித்தவள் எதற்கு அழவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். பள்ளி மணி அடிக்கும்வரை ஒன்றும் பிடிபடவில்லை.