பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்

மற்றவர்கள் மாட்டிய லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருடைய உத்தியோகம். அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மனைவி மூடிய கேஸைத் தானும் ஒருமுறை திருகிப் பார்ப்பார். அவள் மடித்து வைத்த சட்டையைப் பிரித்து, அதே மடிப்பில் மறுபடியும் மடித்து வைப்பார். அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குறை ஒன்றும் அகப்படாத வருத்தத்தோடு கீழே வைப்பார். இத்தனைக்கும் மேலே வாசல் பூட்டு. வெளியே கிளம்பும்போது அவள் பூட்டுவாள். பூட்டிவிட்டு ஒதுங்கி நிற்பாள். அவர் பூட்டைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பூட்டும் கையோடு வந்ததில்லை. அதனால் இழுப்பதை நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

“எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சு வந்தது கிடையாது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக் கொள்வார். பேசினால்தானே தடிப்பதற்கு. அவள் என்றைக்கோ பேச்சைச் சுருக்கிக்கொண்டுவிட்டாள். அதை அவர் நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே இரண்டுபட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு காதல் படத்துக்கு மனைவி அழைத்துப் போனாள். கூப்பிட்டது அவள்தான். அவள் ஒன்று வேண்டும் என்று கேட்டே வெகுகாலம் ஆகியிருந்ததால், மறுக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப் போயிருந்தது.

படமா அது. கதாநாயகன் ஒரு கிறுக்கன். காதலி கட்டிவிட்ட ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்வான். அவள் ஊற்றிக் கொடுத்த டீயை வேறு கோப்பைக்கு மாற்றி, திரும்ப அதே கோப்பையில் ஊற்றிக் குடிப்பான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு காட்சியில் அவள் வீட்டைப் பூட்டுகிறாள். இவன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பூட்டில் தொங்குகிறான். பின்னணியில் பீப்பீ என்று ஒரு குழல் இசை. தியேட்டரில் பாதிப் பேர் குலுங்கிச் சிரித்தார்கள். மீதிப் பேர் உச்சுக்கொட்டினார்கள். அவர் உச்சுக்கொட்டினார். பக்கத்தில் அவருடைய மனைவி முன் ஸீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டென்றே அவருக்குத் தெரியாது. பயந்துபோனார். இடைவேளையில் தலைவலி என்று சொல்லி அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரே கேள்வி அவரைப் பிடுங்கித் தின்றது. அவள் படத்தைப் பார்த்துச் சிரித்தாளா, தன்னைப் பார்த்துச் சிரித்தாளா? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஒரு கம்பி லேசாக உராய்ந்தால் என்ஜினியரை நிற்க வைத்துக் கேள்வியால் துளைக்கிற மனிதர், சொந்த மனைவியிடம் ஒரு கேள்வி கேட்கத் திராணியில்லாமல், டம்ளரைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள் அவள் தன் தங்கையோடு போய் அதே படத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்தாள். “தங்கச்சி கூப்பிட்டா, போனேன்” என்றாள்.

ஆபீஸிலும் இரண்டு கட்சி. கணக்குப் பிரிவுக்காரர், “டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருக்கணும். அந்தக் கிறுக்கனை டாக்டர்கிட்டக் காட்டாம படம் எடுத்திருக்கான்” என்றார். நம்மவர் அந்தக் கட்சிக்குக் கொடி பிடித்தார். டைப் அடிக்கும் பெண்தான் எதிர்க்கட்சி.

“நீங்க முழுசாப் பாக்கல சார். அவ கோவிச்சுக்கிட்டுப் போயிடறா. அப்புறம் தனியா இருக்கிற வீட்டைப் பூட்டிட்டு, அவளே பூட்டை இழுத்துப் பாக்கறா. அங்கயே அழுதுட்டு அவன்கிட்டத் திரும்பி வந்துடறா. அந்தக் கிறுக்கோடதான் அவனைப் பிடிச்சிருக்குன்னு சொல்றா. தியேட்டரே அழுதுச்சு.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி இரண்டாம் முறை போனது இந்த முடிவுக்காகத்தான் என்று அவரே முடிவு கட்டினார். சிரித்தது கேலியில்லை, ஆசை. அதே இடத்தில் கட்சி மாறினார். சாயங்காலத்துக்குள் கணக்குப் பிரிவுக்காரரிடம், “ரசனைன்னு ஒண்ணு இருக்கு சார்” என்று சொல்லும் அளவுக்கு முற்றிப்போனார். இந்தப் படம் பிடித்திருக்கிறது என்றவர்களிடமும் பிடிக்கவில்லை என்றவர்களிடமும் இதைவிடப் பெரிய ரசனை எதையும் நானும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவரே டிக்கெட் வாங்கினார். முடிவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பூட்டுக் காட்சி வந்தது. அவள் முன்போலவே சிரித்தாள். இவரும் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் உரக்கவே. கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேறொரு வீட்டுக் கதவைப் பூட்டினாள். கை பூட்டின் பக்கம் போனது. தியேட்டர் மூச்சைப் பிடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஸீட் காலியாக இருந்தது.

வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, நல்ல இடத்துல எழுந்து வந்துட்டே.”

“போன தடவையும் இந்த இடத்துலதாங்க எழுந்து வந்தேன்.”

“முடிவே பாக்கலையா நீ?”

“அவ திரும்பிப் போயிடறாளாம். தங்கச்சி சொன்னா.”

“அதுதானே படமே.”

“முதல் பாதி நிஜமா இருந்துச்சு, சிரிப்பு வந்துச்சு” என்றாள். “இது படத்துக்காக வெச்சது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். மணி கேட்டவருக்கு மணி சொல்வது போலச் சொன்னாள். அவருக்கு விளக்கெண்ணெய் குடித்த முகம். அவமானம் ஒருபக்கம், அதைவிட, அவள் போய்விடுவாளோ என்ற பயம் அவரை உலுக்கியது. கேஸைத் திருகவில்லை. சட்டையைப் பிரிக்கவில்லை. டம்ளர் இருந்த பக்கம் பார்க்கவில்லை. திருந்திவிட்டதாக நினைத்து, அதற்கு ஒரு பாராட்டையும் உள்ளுக்குள் எதிர்பார்த்தார்.

சில நாள் கழித்து இருவரும் அவளுடைய தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் பூட்டினாள். வழக்கம்போல ஒதுங்கி நின்று தெருவைப் பார்த்தாள். அவர் கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மலையைப் புரட்டியவர் போல, “வா, போலாம்” என்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ லேசாக இளகியது. அவரோடு ஒட்டி நடந்தாள், தங்கை வீட்டுத் தோட்டத்தைப் பற்றி ஏதோ பேசக்கூடச் செய்தாள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் நின்றார்.

“ஒரு நிமிஷம். குடையை மறந்துட்டேன்.”

அவள் வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை.

“சரிங்க” என்றாள்.

ஓட்டமும் நடையுமாகப் போனார். பூட்டைப் பிடித்து உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தார். அது கிண்ணென்று நின்றது. எத்தனையோ நாளாக அடைத்திருந்த மூச்சு அவருக்கு அப்போதுதான் வெளியே வந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்தார், வெறுங்கையோடு.

குடை எங்கே என்று கேட்க நிறுத்தத்தில் யாரும் இல்லை. பஸ் வந்து போயிருந்தது.