இன்ஸாஃபுக்கு வேண்டிய வெயில்

எகிப்தின் கஃப்ர் தீனா கிராமத்தில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. கோடை பிறந்தால் நாய்கூடத் தெருவைக் கடக்க யோசிக்கும். அந்த ஊரிலேயே பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தியும் எடுத்துவிட்ட இன்ஸாஃபிடம் "உங்க உடம்புக்கு வெயில் போதலை" என்றாள் மன்ஸூரா நகரில் கல்லீரல் பார்க்கும் டாக்டர் இஜ்லால். விளையாடுகிறாளோ என்று இன்ஸாஃப் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை.

"விட்டமின் டி அடிமட்டத்துல கிடக்கும்மா. ஹெபடைடிஸ் சி கிருமி உங்க கல்லீரல்ல பல வருஷமா குடியிருக்கு. வெயில் பட்டுத் தோல்ல ஊறுற சத்தை முதல்ல பக்குவம் பண்றதே கல்லீரல்தான். அதுவே படுத்துக் கிடக்கு."

"அப்ப கிருமிக்கு ஊசி?"

"போடுவோம். இந்தச் சத்து இருந்தா ஊசி நல்லாப் பிடிக்கும்னு சிலர் சொல்றாங்க, இல்லைன்னும் சிலர் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு. இந்தச் சத்துக்கான சொட்டு மருந்து இப்ப எங்கயும் கிடைக்கல. தினம் மதியம் வெயில்ல உக்காருங்க. சத்து ஏறினதும் ஊசியை ஆரம்பிச்சுடலாம்."

இன்ஸாஃப் சொன்ன சொல் தட்டாதவள். மொட்டைமாடியில் வாத்துக்கூண்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவே பாய் விரித்து உட்கார்ந்தாள். கணுக்கால்வரை கறுப்பு அங்கி, அதன்மேல் முக்காடு, காலுறை. வெயில் தலையில் இறங்கிவிடப் போகிறதே என்று முகத்தின்மேல் ஒரு துண்டு வேறு. கோடை முழுக்க இப்படி வெந்தாள். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். சத்து இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"வெயில்ல உக்காந்தீங்களா?"

"வல்லாஹி, ஆண்டவன்மேல ஆணையா உக்காந்தேன் டாக்டர்."

"எப்படி உக்காந்தீங்க?"

"இதோ, இப்படித்தான்."

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகமும் விரல்களும் தவிர ஒன்றும் தென்படவில்லை. "அம்மா, உங்க அங்கிக்கு ஒரு நோயும் இல்ல. வெயில் உங்க தோல்ல படணும். கையும் காலும் திறந்திருக்கணும்."

அன்றிரவு இன்ஸாஃப் கணவன் ஷவ்கியிடம் சொன்னாள். அவன் "மாடிக் கதவை உள்பக்கமாத் தாழ் போட்டுக்கோ" என்றான். அந்தத் தெருவிலேயே உயரமான மாடி அவர்களுடையது. மேலேயிருந்து பார்க்க ஆண்டவனைத் தவிர ஆளில்லை.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தெற்குப் பக்கத்து வீட்டு ஸக்கிய்யாவின் மகன் தாமிருக்குப் பெண் அமையும்வரை.

அந்த ஊரில் மகனுக்குக் கல்யாணம் என்றால் வீட்டின் தலையில் இன்னொரு மாடி ஏறியாக வேண்டும். மாடி இல்லாமல் பெண் வராது. அதனால்தான் எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும். ஸக்கிய்யா வீட்டில் கொத்தனார்கள் வந்தார்கள், செங்கல் வந்தது. குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து போகிற நேரம் அது. சுவர் ஏற ஏற இன்ஸாஃபின் பாய்மீது நிழல் விழுந்தது. நிழல்கூடப் பரவாயில்லை, சுவர்மேல் நின்ற கொத்தனார்களை என்ன செய்வது?

ஸக்கிய்யாவும் இன்ஸாஃபும் சிறுவயதிலிருந்தே தோழிகள். ஆனால் இன்ஸாஃபுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஸக்கிய்யா வீட்டில் அவளுக்கென்று விளிம்பு உடைந்த தேநீர்க் கிளாஸ் ஒன்று தனியாகக் கவிழ்ந்திருந்தது. கிளாஸில் இந்த நோய் ஒட்டாது என்று இன்ஸாஃப் சொல்லிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதாக்கும்!" என்றாள் ஸக்கிய்யா. கிளாஸ் மட்டும் இடம் மாறவில்லை. அந்த அவமானத்தை இன்ஸாஃப் தேநீரோடு சேர்த்தே குடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பொறுக்க முடியவில்லை. மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஸக்கிய்யா! தினம் மதிய வெயில் சாயற வரைக்குமாவது வேலையை நிறுத்தச் சொல்லுடி. சத்து ஏறலைன்னா எனக்கு ஊசி போட மாட்டாங்க."

"நல்லா இருக்கே நியாயம்! உனக்கு வெயில் காட்ட என் புள்ள கல்யாணத்தை நிறுத்தணுமா? எங்கிருந்தோ வாங்கிட்டு வந்த சீக்குக்கு என் வீடா கெடைச்சுது?"

"எங்கிருந்தோவா? பள்ளிக்கூடத்துலருந்துடி! வாய்க்கால் தண்ணியில பரவுற புழு நோய்க்குன்னு ஒரே ஊசியை எல்லாப் புள்ளைங்களுக்கும் குத்தினாங்களே, மறந்துட்டியா? அந்த வரிசையில என்னைத் தள்ளிவிட்டுட்டு முன்னாடி போய் நின்னவ யாரு?"

ஸக்கிய்யா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். கொத்தனார்கள் கரண்டியை நிறுத்தினார்கள். அவர்களிலும் நரைத்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் தோள்பட்டையை மெல்லத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஸக்கிய்யாவின் குரலே கேட்கவில்லை. சுவர் மட்டும் ஏறியது. இன்ஸாஃப் பாயைச் சுருட்டி வாத்துக்கூண்டின்மேல் போட்டாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். வெயிலும் போய்விட்டது, ஸக்கிய்யாவும் போய்விட்டாள்.

ஒரு நாள் காலையில் ஸக்கிய்யா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அந்த டாக்டர் பேரு என்னடி?"

இன்ஸாஃப் பேரை மட்டும் சொல்லவில்லை, கூடவே போனாள். ஸக்கிய்யாவின் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்பார்த்ததுதான். கல்லீரலில் கிருமி, ரத்தத்தில் வெயில் சத்து இல்லை. வழியெல்லாம் ஸக்கிய்யா அழுதாள். பேருந்து முழுக்க அவளைப் பார்த்தது. இன்ஸாஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

தாமிரின் கல்யாணம் முடிந்தது. மறுவாரம் ஸக்கிய்யா சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்.

"மேல வாடி. என் புள்ள வீட்டுக்கும் மேல மொட்டைமாடி இருக்குல்ல? இப்ப தெருவுலயே இதுதான் உசரம். ஒரு பயலும் பார்க்க முடியாது."

இன்ஸாஃப் மூச்சு வாங்க ஏறினாள். மேலே வெயில் தாராளமாகக் கிடந்தது. இருவரும் காலுறையைக் கழற்றி, அங்கியின் கையை மடித்துவிட்டு, பாயில் காலை நீட்டினார்கள். ஸக்கிய்யா தேநீர் ஊற்றினாள். புத்தம்புது கிளாஸை இன்ஸாஃப் பக்கம் நகர்த்திவிட்டு, விளிம்பு உடைந்ததைத் தான் எடுத்துக்கொண்டாள்.

இன்ஸாஃப் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குடு இங்க. உதட்டைக் கிழிச்சுக்குவ. எந்தப் பக்கம் குடிக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."