ஆஸ்பத்திரி இல்லாத படம்

தியேட்டர் வாசலில் நிற்கிறவளுக்கு எல்லாப் படமும் ஓசி என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அவள் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை என்பது அவளுக்கும் அவள் கையிலிருக்கும் துடைப்பத்துக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்பியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

கடைசிப் பத்து நிமிடம்

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் நான்காம் மாடியில் இருக்கிறது எங்கள் தியேட்டர். டிக்கெட் கிழிக்கிற வேலை என்று பெயர், ஆனால் கிழிக்க டிக்கெட்டே கிடையாது. கைப்பேசியை நீட்டுவார்கள், நான் கருவியைக் காட்டி ‘டிங்’ என்று சத்தம் வரவைத்து உள்ளே அனுப்புவேன். அப்புறம் அடுத்த அரங்கு, அதற்கடுத்த அரங்கு. ஒரு படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது துடைப்பமும் குப்பைப் பையுமாக உள்ளே போய், இருட்டில் சுவரோரம் நிற்க வேண்டும். விளக்கு எரிந்ததும் பாப்கார்னைக் கூட்டி அள்ள வேண்டும். ஆகவே இந்த மூன்று வருடமாக வந்த தமிழ்ப் படங்கள் அத்தனையின் முடிவும் எனக்கு அத்துப்படி. யார் யாரைக் காதலித்தார்கள், எதற்காகக் கத்தியைத் தூக்கினார்கள், அதெல்லாம் தெரியாது. கடைசியில் யார் மிச்சம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பாப்கார்ன் விற்கிற அஸ்லினா எனக்கு நேர் எதிர். மலாய்க்காரி, தமிழில் நாலு வார்த்தை தெரியும், நாலும் திட்டு. ஆனால் லீவு நாளில் தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் வாங்கி, கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை அழுதுவிட்டுத்தான் போவாள். போன மாதம் ஒரு சண்டைப் படம் முடிந்து நான் கூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று மலாயில் கேட்டாள்: “அக்கா, உங்க வில்லனுங்க எல்லாரும் பெரிய பணக்காரனுங்க. ஒருத்தனாவது ஏர்கோன் போட்ட இடமா பாத்துச் சண்டை போடக் கூடாதா? எப்பப் பாத்தாலும் பழைய இரும்புக் கிடங்குதானா?”

நான் சொன்ன ஒரே விமர்சனம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. அண்ணன் தங்கைப் படம் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வரிசை படிக்கட்டு வரை நின்றது. முன்னால் நின்ற அம்மா, “படம் எப்படிம்மா?” என்று அன்பாகக் கேட்டார். என்னையும் மதித்து ஒருவர் கருத்துக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. “நல்ல படம்மா. அந்தத் தங்கச்சி கடைசியில செத்துப் போறதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு” என்று உருக்கமாகச் சொன்னேன்.

வரிசை முழுக்கத் திரும்பி என்னையே பார்த்தது. எனக்குத் தெரிந்த படம் அந்தப் பத்து நிமிடம்தான், அதைத்தானே நான் சொல்ல முடியும்? மேலாளர் அன்றே கூப்பிட்டு, இனிமேல் வாடிக்கையாளரிடம் படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றார். அவர் திட்டியதுகூட மறந்துவிட்டது. வரிசையில் பின்னாலிருந்து ஒரு பையன் பரிதாபமாகச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: “அக்கா, நாங்க இன்னும் உள்ளேயே போகலலா.”

தூங்க வந்த அண்ணன்

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவை ஒரே ஒருவருக்காக மட்டும் மீறினேன். கோலா கங்சாரிலிருந்து வரும் செல்வம் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் மனைவி சாந்தாவுக்குப் புற்றுநோய், ஈப்போ ஆஸ்பத்திரியில் வைத்தியம். மருந்து ஏற்றுகிற நாளில் நாலைந்து மணி நேரம் ஆகும். “நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல உக்காராத, எங்கயாச்சும் போயிட்டு வா” என்று மனைவி விரட்டிவிடுவாராம். இவர் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, எழுத்து போடும்போதே தூங்கிவிடுவார். வீட்டில் தூக்கம் வருவதில்லை என்று ஒரு தடவை சொன்னார்.

படம் முடிந்ததும் எழுப்புவது என் பொறுப்பு. “அண்ணே, முடிஞ்சிருச்சு.” திடுக்கிட்டு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்பது, “யாரு ஜெயிச்சா தங்கச்சி?” நான் முடிவைச் சொல்வேன். அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்புவார். ஆறு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் தூங்காமல், படத்துக்கும் போகாமல், நேராக என்னிடம் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. “டாக்டரு மருந்து போதும்னுட்டாரு தங்கச்சி. அடுத்த சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை சாந்தாவ இங்க கூட்டியாரேன். ஆறு மாசமா அவ ஆஸ்பத்திரியத் தவிர ஒண்ணையும் பாக்கல. படத்துல ஆஸ்பத்திரி மட்டும் இருக்கக் கூடாது, யாரும் சாகக் கூடாது. ஒரு நல்ல படமா பாத்து வைங்க.” நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் அவர் அடுத்து சொன்னது இது: “நீங்க சொன்னா சரியா இருக்கும்லா. நீங்கதானே எல்லாப் படத்தையும் பாக்குறீங்க.”

சல்லடை போட்டுத் தேடியது

தமிழ்ப் படத்தில் ஆஸ்பத்திரி இல்லாத படம் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? அப்போதுதான் தெரியும் நம் கதாநாயகர்கள் எவ்வளவு நோஞ்சான்கள் என்று. அந்த வாரம் ஓடிய சண்டைப் படத்தில், ஐம்பது பேரை அடித்தவர் கடைசியில் கட்டிலில் கிடக்கிறார். டாக்டர் கையை விரிக்கிறார், குழந்தை அப்பா என்கிறது, உடனே குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு வில்லனைத் தேடி ஓடுகிறார். எனக்குப் பிடித்த படம்தான், ஆனால் சாந்தா அக்காவுக்கு ஆகாது.

அடுத்தது பேய்ப் படம். பேய் நன்றாக நடித்திருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது, மிஸ்ஸி என்று கூப்பிடுகிறோமே, அந்தத் தாதியாம், நடமாடுவதே பூட்டிய ஆஸ்பத்திரியில். அதையும் கழித்தேன். அந்தப் படம் முடிந்து வெளியே வந்த ஒரு அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னது: “இதுக்கா பேய்ப் படம்? எங்க பிளாட்டு லிப்டுல ஒருநாள் ஏறிப் பாக்கச் சொல்லுங்க இவங்கள.”

நம்ம ஊர்ப் படம்

இங்கே மலேசியாவிலேயே எடுத்த படம் ஒன்றும் வந்திருந்தது. செம்பனைத் தோட்டம், நாம் பேசுகிற பேச்சு, நமக்குத் தெரிந்த சாலை. கடைசிப் பத்து நிமிடத்தில் கத்தி இல்லை, கண்ணாடி உடையவில்லை. அந்தப் பெண் பஸ் ஏறிப் போகிறாள், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்தது. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

இயக்குநர் இளைஞர். தினமும் வாசலில் நின்று வருகிறவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் அவருடைய சொந்தக்காரர்கள், அவர்களுக்கும் நன்றி. ஏமாறக் கூடாது என்று நான் நேராக அவரையே கேட்டேன். “தம்பி, படத்துல ஆஸ்பத்திரி இருக்கா?” அவர் முகம் வாடிவிட்டது. “எழுதியிருந்தேன்க்கா. உள்ள படம் எடுக்க பெர்மிட் கிடைக்கல. வேற வழியில்லாம அந்தத் தாத்தாவ வீட்டுலயே சாகடிச்சிட்டேன்.”

கல்யாணப் படம்

மிச்சம் ஒன்றே ஒன்று, சிரிப்புப் படம். முடிவு கல்யாணப் பந்தி. மாப்பிள்ளை பாயசத்தில் வழுக்கி விழுகிறார், பெண்ணின் அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் மூன்று தடவை பார்த்து, இலையில் உட்கார்ந்தவர்களை எண்ணிக்கூடப் பார்த்தேன். குடும்பத்தில் ஒருவரும் குறையவில்லை. அஸ்லினாவைக் கேட்கலாம் என்றால் அவள் ஒரு வாரம் லீவு. பரவாயில்லை, இதுதான் என்று செல்வம் அண்ணனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். சாந்தா அக்காவை அன்றுதான் பார்க்கிறேன். மெலிந்திருந்தார். தலையில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது, அதை மறைக்கவில்லை. பச்சைப் பட்டுப் புடவை, பெரிய பொட்டு. அண்ணன் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. லீவு முடிந்து அன்றுதான் வந்த அஸ்லினாவிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். அவள் பாப்கார்ன் கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்தப் படமா? அந்த அம்மாவுக்கு கேன்சர்னு நடுவுல முக்கா மணி நேரம் ஆஸ்பத்திரிதானே அக்கா! மொட்டத் தலையோட அவங்க மகளப் பாக்குற இடத்துல நான் ரெண்டு பாக்கெட் டிஷ்யூ தீத்தேன்.”

இருட்டில் சிரித்தவர்

தலை நிறையப் பூ வைத்திருந்தாரே, அது சவுரி முடி என்று நான் எங்கே கண்டேன்? கருவியை அஸ்லினா கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். திரை முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டில். வயலின் உருக்குகிறது. அரங்கு முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். செல்வம் அண்ணன், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல, மனைவியின் கண்ணைத் தன் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கையைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. இப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று இருந்தது.

மன்னிப்புக் கேட்டு வெளியே கூட்டிப் போகலாம் என்று குனிந்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காத சிரிப்பு. என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார்: “அங்க பாருங்க, ஊசி கைக்குள்ளயே போகல, மேல பிளாஸ்டர் மட்டும் ஒட்டியிருக்கான்! அந்த மருந்து எங்கதான் போகுது? முடி கொட்டிருச்சுன்னு அழுவுறா, புருவம் மட்டும் அப்படியே இருக்கு. மிஸ்ஸி வேற லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு நிக்குறா. எங்க மிஸ்ஸிக்குத் தண்ணி குடிக்கவே நேரம் இருக்காதுலா!”

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு படத்தின் நடுப்பகுதியை முதல் தடவையாகப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரொம்ப மோசமான படம்.

வெளியே வரும்போது அண்ணன் கண்தான் சிவந்திருந்தது. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசிப் பத்து நிமிடம்தான், தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சாந்தா அக்கா என் கையை விடவில்லை. “அட நீங்க வேற! ஆறு மாசமா இவரு இங்க தூங்கிட்டு வந்து, நீங்க சொன்ன முடிவ என்கிட்ட சொல்வாரு. நடுவுல என்ன நடந்திருக்கும்னு நானே கட்டில்ல படுத்துக்கிட்டு கதை கட்டுவேன். மருந்து ஏறுறதே தெரியாது.” லிப்டுக்குப் போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “அடுத்த மாசம் செக்கப்புக்கு வாரோம், முடிவ மட்டும் சொல்லுங்க, போதும். நான் கட்டுன படமெல்லாம் இத விட நல்லா இருக்கும்லா.”

ஆகவே, என்னைப் போலவே பாதிக் கதையோடு காலம் தள்ளுகிறவர்களே, படம் எப்படி என்று இனி என்னைக் கேட்காதீர்கள்: என்னிடம் முடிவு மட்டும்தான் இருக்கிறது, மிச்சப் படம் கோலா கங்சாரில் ஓடிக்கொண்டிருக்கிறது.