கிராணியின் மோட்டார் ஒழுகிய கதை

முடி வெட்டுகிறவரிடம் கத்தரியை இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று யாரும் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்து எண்ணெய் ஒழுகலை நிறுத்துகிறவனுக்கு மட்டும் தோட்டமே வாத்தியார்.

வீட்டு வாசலில் சாக்கை விரித்து, அடுத்தவன் வண்டியைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டிய பிறகு ஒரு திருகு மிஞ்சிப்போய் முழித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள் இருக்கும். ஃபோர்க் என்பார்கள். ஒவ்வொரு காலிலும் குழாய்க்குள் குழாய், அதற்குள் ஒரு சுருள்கம்பி, கொஞ்சம் எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் இதெல்லாம் சேர்ந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய் வெளியே வராமல் கழுத்தில் ஒரு வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ஆயில் சீல். அது தேய்ந்தால் எண்ணெய் ஒழுகி பிரேக்கில் இறங்கும். பிரேக் பிடிக்காது. வண்டிக்காரர் கால்வாயில் கிடப்பார். பழி என்மேல் விழும்.

நான் கோலா பிலாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் பாலை ரப்பராக்கும் ஸ்டோரின் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த பிட்டர். மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட், வெளியே போவதென்றால் பாஸ். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம். அதனால் ஒரு பிடி அரிசிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிடித்துக்கொண்டு போய் முகாமில் அடைப்பார்கள், அப்புறம் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். நான் பிறந்ததே இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். இந்தியாவில் எனக்கு யாரைத் தெரியும்? பட்டறைக்காரர்கள் இந்த ரோட்டில் வரப் பயந்ததால், தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் என் வீட்டு வாசலுக்கு வந்தன. எல்லாம் என்றால் மூன்று. அதில் ஒன்று ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியுடையது. என்னைக் கப்பலேற்றப் பார்த்தது அதுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமா?

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கில் ஒரு மைப்பொட்டு விழுந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறவர். தான் தப்பாகச் சொன்னதாக அவர் ஒத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. கேட் பாஸ் எழுதுகிற கையும் அவர் கைதான். அதனால் அவரோடு யாரும் வாதாடுவதும் இல்லை. அவர் வண்டி ஒழுகியபோது, சீல் வெளியிலிருந்துதான் வாங்கிவர வேண்டும் என்றேன். "ரப்பர்த் தோட்டத்தில இருந்துகொண்டு ரப்பர் வளையத்துக்குக் காத்திருக்கிறதே, காணும்?" என்று கேட்டுவிட்டு, நேரே ஸ்டோருக்குப் போய் வெள்ளைக் க்ரேப் ரப்பரில் ஒரு துண்டு எடுத்துவந்தார். மைப்புட்டி மூடியை வைத்து வட்டம் போட்டுப் பேனாக்கத்தியால் இரண்டு வளையம் வெட்டினார். வளையம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"ஐயா, நம்ம ரப்பர் தண்ணியத் தாங்கும், எண்ணெயத் தாங்காது. ஊறிப்போயிரும்" என்றேன். அவர் மேசைமேல் இருந்த பாஸ் புத்தகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வளையத்தை மாட்டிவிட்டேன். என் கையாலேயே என் வேலையைக் கெடுக்க வைத்தார்களே என்று அன்றைக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

நாலே நாளில் வளையங்கள் எண்ணெயில் பூரிபோல உப்பி, குழாய் ஏறி இறங்க இறங்கப் பிய்ந்து உள்ளே விழுந்தன. முன்பக்கம் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் இறுகிக்கொண்டது. ஸ்டோருக்குப் பக்கத்துப் பாலத்தில் வண்டி ஒரு குதி குதித்து அவரைக் கால்வாயில் இறக்கிவிட்டது. வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் சேற்றோடு என் வாசலில் வந்து நின்றார். என்னைத் திட்டினால் பரவாயில்லை என்று தலையைக் குனிந்தேன். அவர் சொன்னது இதுதான்: "ரப்பரைக் குறை சொல்லாதையும். அது முதல்தர ரப்பர். உம்மட எண்ணெயிலதான் ஏதோ பிழை."

டின் என்றால் ஓட்டை

ஒரு வழியாகப் பாஸ் எழுதிக் கொடுத்தார். கோலா பிலாவில் சீனர் கடையில் நிஜமான சீல் இரண்டும், புது எண்ணெய் ஒரு டின்னும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கேட்டில் முனியாண்டி நின்றான். போன வருஷம்வரை என் மனைவி பாக்கியத்துக்கு அடுத்த நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவன். இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காக்கிச் சட்டை போட்டதிலிருந்து யாரையும் முன்பின் தெரியாது.

அப்போது ஒரு சட்டம் இருந்தது. சார்டின் மீன் டின், பால் டின் எதுவானாலும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். காட்டில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாதல்லவா? அது நியாயம். ஆனால் முனியாண்டி என் எண்ணெய் டின்னை வாங்கி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டான். "அட பாவி, இத யாருடா குடிப்பா?" என்று கத்தினேன். இரண்டு கட்டைவிரலாலும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி எண்ணெய் என் கைலியில். அவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய எண்ணெய்! மறுநாள் அவனிடம் நியாயம் கேட்கப் போனேன். விறைப்பாக நின்றுகொண்டு சொன்னான்: "எனக்கு எண்ணெயும் தெரியாது, மீனும் தெரியாதுண்ணே. டின்னுன்னா ஓட்ட போடணும். ஆர்டர்லா."

சட்டியில் என்ன?

இருந்த பாதி எண்ணெய் ஒரு காலுக்குத்தான் காணும். மறுபடி பாஸ் கேட்டால் கிராணி எண்ணெயைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்வார். அதனால் வலது காலுக்குப் புது எண்ணெயும், இடது காலுக்குப் பழைய எண்ணெயையே துணியில் வடிகட்டியும் ஊற்றுவதென்று முடிவு செய்தேன். இது நான் செய்த தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எண்ணெயை வடித்தேனே தவிர, அந்த இடது குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர்த் தூளைச் சுரண்டி எடுக்கவில்லை. இந்தக் கதையில் நான் செய்த தப்பு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மற்றவர்களுடையது.

அடுத்த தொல்லை, சீலை மூடியிருக்கும் கழுத்துமூடி இறுகிப்போய்த் திரும்பவில்லை. அதைச் சூடாக்கினால் இளகும். பாக்கியத்தின் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் கொதிக்கவைத்து, ஃபோர்க்கின் காலை அதில் இறக்கினேன். அந்த மாதங்களில் வீட்டில் யாரும் சோறு வடிக்கக் கூடாது. பொதுச் சமையல்கட்டில் வடித்துக் கொடுப்பார்கள், நாம் வீட்டில் குழம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குழம்புக்கு இவ்வளவு பெரிய சட்டி எதற்கு என்று லயத்தில் எந்தப் புண்ணியவானுக்கோ சந்தேகம். போய்ச் சொல்லிவிட்டான்.

முனியாண்டி நோட்டுப்புத்தகத்தோடு வந்தான். மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே கிராணியின் முன்கால் கொதித்துக்கொண்டிருந்தது. பென்சிலை நாக்கில் நனைத்தான். 'பிட்டர் வீட்டில் பெரிய சட்டி கொதித்தது' என்று எழுதினான். சட்டிக்குள் இருந்ததற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் அதை எழுதாமல் விட்டுவிட்டான். "என்னாடா பார்க்கிற?" என்றாள் பாக்கியம் கோபமாக. அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்: "வெந்துச்சுன்னா சொல்லுங்கக்கா. நேரத்தையும் எழுதிக்கணும்."

தட்டில் விழுந்தது

வேலை முடிந்து, ஒரு சொட்டு ஒழுகாமல் வண்டி நின்றது. மறுநாள் ஸ்டோரில் இஞ்சினை நிறுத்திவிட்டு, ஓட்டிப் பார்ப்பதற்காகப் பாஸோடு கேட்டுக்குப் போனேன். பால் நிறுவைக்கு வெட்டுக்காரர்கள் வாளியோடு வந்துகொண்டிருந்த நேரம். கேட்டில் ஜீப்பும் ஒரு வெள்ளைக்கார ஆபீசரும் நின்றார்கள். சைக்கிள் குழாயில் அரிசியை நிரப்பிக் காட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எங்கோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆபீசர் நான் தள்ளிவந்த வண்டியின் முன்கால் இரண்டையும் தட்டிப் பார்த்தார். திற என்றார் மலாயில். என் கையாலேயே, என் ஸ்பேனராலேயே, நான் முந்தினநாள் பூட்டிய அடித்திருகைத் திறக்க வைத்தார். சமையல்கட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வந்தது. வலது காலிலிருந்து எண்ணெய் சுத்தமாக இறங்கியது. இடது காலிலிருந்து எண்ணெயோடு வெள்ளை வெள்ளையாய், சின்னச் சின்னதாய், குறுணைபோல என்னவோ விழுந்தது.

"பெராஸ்!" என்றார் ஆபீசர். அரிசியாம். என் பாஸைப் பிடுங்கிக்கொண்டு கேட் தூணோரம் குந்தவைத்தார்கள். அதற்குமேல் முனியாண்டி தன் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, பெரிய சட்டி கொதித்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். முகாம், கப்பல், தெரியாத ஊர், இரண்டு பிள்ளைகளோடு பாக்கியம் தனியாக. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். ஒரு ஆளுக்குக் கூடவா ரப்பர் தெரியாது?

வெட்டுக்காரர்களுக்குத் தெரியும். பாக்கியம் தோளிலிருந்து வாளிகளை இறக்கிவைத்தாள். யாரையும் கேட்காமல் தட்டின் பக்கம் வந்து, ஒரு குறுணையை எடுத்து இரண்டு கை நகத்தாலும் பிடித்து இழுத்தாள். அது நீண்டது. ஆபீசரின் மூக்குக்கு நேரே இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "தொரை, இழுத்தா நீளுற அரிசிய நீங்க எந்தக் கடையில வாங்குறீங்க?"

அரிசி போய் ரப்பர் வந்தது

முனியாண்டி அதில் பாதியைத்தான் மலாயில் சொன்னான். ஆனால் ஆபீசருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் ஒரு துண்டை இழுத்துப் பார்த்தார். அரிசி இல்லை என்று ஒத்துக்கொண்டார். 'அப்பாடா' என்று நான் எழுந்திருக்கப் பார்த்தால், உட்கார் என்றார். தோட்டத்து ரப்பர் குழாய்க்குள் எப்படி வந்தது? திருட்டு ரப்பர் வெளியே போகிறது, விற்ற காசு காட்டுக்குப் போகிறது. அரிசிக்கு என்ன தண்டனையோ அதுவே இதற்கும். பார்த்தீர்களா நியாயத்தை! ஒரு குற்றத்திலிருந்து என் பெண்டாட்டி இழுத்து வெளியே எடுத்தால், இன்னொன்றில் பிடித்து உள்ளே போடுகிறார்கள்.

பெரிய கிராணிக்கு ஆள் போனது. அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் தூணோரம் குந்திக்கொண்டிருந்தான், அவன் பேச்சு எடுபடாது. இன்னொருவர் ஆபீசிலிருந்து தொப்பியோடு நடந்துவந்தார். தோட்டமே நின்று பார்க்கிறது. ஸ்டோர் ரப்பரை எடுத்து என் வண்டிக்கு நானே வெட்டினேன் என்று இத்தனை பேர் முன்னால் இந்த மனுஷர் சொல்வாரா? 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை போதும், அவர் மானம் தப்பிவிடும், நான் போய்விடுவேன். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீசரிடம் இங்கிலீஷில் மெதுவாக என்னவோ சொன்னார். பேனாக்கத்தியை எடுத்துக் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சத்தமாகச் சொன்னார்: "அது நான் வெட்டினது. இவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான் கேக்கேல்லை."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'இவர்' என்று சொன்னது அன்றைக்குத்தான். ஆபீசர் பாஸை என் கையில் திணித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். முனியாண்டி நோட்டுப்புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். பாக்கியம் வாளிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நிறுவைக்குப் போனாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லலாம் என்று கிட்டப் போனேன். அவரோ குனிந்து, நான் திறந்து போட்ட அடித்திருகின் ஓட்டையிலிருந்து விழுந்துகொண்டிருந்த கடைசிச் சொட்டுகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, கால்வாயிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே முகத்தோடு சொன்னார்: "என்ன வேலை பார்த்தனீர், முத்து? பாரும், இன்னும் ஒழுகுது."

என்னைக் கப்பலேறாமல் காத்த வாயும் என் வேலையைக் குறை சொன்ன வாயும் ஒன்றாகிப்போனதால், அந்த மனுஷரை முழுசாகத் திட்டவும் முடியாமல் முழுசாக வாழ்த்தவும் முடியாமல் இன்றுவரை நான் படுகிற பாடு, ஒரு ஆயில் சீல்கூடப் பட்டிருக்காது.