கிரீஸ் போட்ட ரீல்

மீன் பிடிக்கிற ரீலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மீன் நாற்றம் காரணமில்லை. நான் செய்த காரியம்தான் காரணம்.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டைப் பழுதுபார்க்கும் கன்வேயர் ஃபிட்டர் நான். பர்மனெண்ட். எங்கள் டவுன்ஷிப்பில் இந்த ஒரு சொல் போதும், பெண் கொடுப்பார்கள், கடன் கொடுப்பார்கள், கல்யாண வீட்டில் முன் வரிசையில் நாற்காலி போடுவார்கள். கூடவே எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிரும் வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஒட்டியிருந்தது.

என் செக்‌ஷனில் கன்வேயர் உருளைகளுக்கு கிரீஸ் வைக்கிற வேலையை ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி பார்த்தார். முத்தாண்டிக்குப்பம் பக்கம் வீடு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை ‘வாப்பா, போப்பா’ என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை ‘சார்’ என்பார். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இதில் ஏதோ கோணல் இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஏரிதான். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேருகிற ஏரி என்பதால் கோடையிலும் வற்றாது. கட்லாவும் சாதாக் கெண்டையும் கொழுத்துக் கிடக்கும். அவரிடம் தூண்டில் ராடும் கிடையாது, தூண்டில் நரம்பைக் கைப்பிடியால் சுற்றி இழுக்கிற ரீலும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருண்டை பிடித்து, முள்ளை அதற்குள் புதைத்து, கையாலேயே சுழற்றி வீசுவார். மீன் மாட்டினால் கையாலேயே இழுப்பார்.

அப்படி இழுக்கும்போதுதான் ஒரு பெரிய கட்லா அவருடைய ஆள்காட்டி விரலை நரம்பால் எலும்பு தெரிய அறுத்துவிட்டது. பத்து நாள் வேலைக்கு வரவில்லை. கான்ட்ராக்டில் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. இன்னும் நான்கு நாள் போயிருந்தால் சுரங்கத்துக்குள் விடுகிற அவருடைய கேட் பாஸை வேறு ஆளுக்கு மாற்றியிருப்பார்கள்.

திரும்பி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

“சார், ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு நல்ல ரீலா பாத்து வாங்கிக் குடுங்க சார். நரம்பு கையில படக்கூடாது, அவ்ளோதான். இன்னொரு வாட்டி கைய அறுத்துகினு வந்தா பாஸ் போயிடுங்க. இந்தக் கைய வெச்சிதான் பொழப்பு ஓடுது.”

அவர் கேட்டது அவ்வளவுதான். பெரிய மீன் வேண்டும் என்று கேட்கவில்லை. கை பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

என்னிடம் விலை உயர்ந்த ரீல் ஒன்று இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை ஏரிக்குப் போவேன், மாதம் முழுக்க கேண்டீனில் அதைப் பற்றிப் பேசுவேன். அதை நம்பித்தான் என்னிடம் கேட்டார், பாவம்.

ஒரு வாரம் செல்போனில் ரீல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அருவருப்பாக இருந்தது. ரீலை ஒரு நாளும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாத ஒருவன் மேஜைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி, ‘வேற லெவல் நண்பர்களே’ என்று கத்துகிறான். இன்னொருவன் அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். எண்ணூறு ரூபாய் ரீலுக்குப் பதினோரு பேரிங் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். பேரிங் மாற்றியே தலை நரைத்தவன் நான். எண்ணூறு ரூபாய்க்குள் பதினோரு பேரிங் போட்டால் அது என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த வீடியோவுக்குக் கீழே நூறு பேர் ‘சூப்பர் அண்ணா’ என்று எழுதியிருந்தார்கள். அவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கடைக்காரனும் அதே ரகம்தான். செல்போன் கவரும் ரீலும் ஒரே கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டிருந்தான். கெண்டைக்கு என்றேன். கடலில் சுறா பிடிக்கிற அளவில் ஒன்றை எடுத்து நீட்டி, “எல்லாத்துக்கும் இதான் சார் போவுது” என்றான். அதன் கைப்பிடி ஆட்டினால் கிழவன் பல் மாதிரி ஆடியது.

கடைசியில் நானே தேடிப் பிடித்தேன். நான்காயிரம் என்று எண் போட்ட நடுத்தர சைஸ், மூன்றே பேரிங், உலோகச் சக்கரம், ஆட்டம் இல்லாத கைப்பிடி. மீன் முரட்டுத்தனமாக இழுத்தால் நரம்பு அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் டிராக்கும் திக்காமல் வேலை செய்தது. பளபளப்பு இல்லை, தங்க வண்ணம் இல்லை. ரெண்டாயிரத்துக்கு உள்ளேதான் வந்தது. வாங்கியது நல்ல ரீல் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அதோடு வாயை மூடிக்கொண்டு அவர் கையில் கொடுத்திருக்கலாம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுப் பரணில் தேடினாலும் பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றில் சுரங்கத்து கிரீஸ் இருக்கும். கேட் கீல் கிறீச்சிட்டால் அது, சைக்கிள் செயினுக்கு அது, கிரைண்டருக்கும் அதுதான். கன்வேயரையே ஓடவைக்கிற கிரீஸுக்கு முன்னால் வெளியில் விற்கிறதெல்லாம் வெறும் வழவழப்பு என்பது எங்கள் எண்ணம். அந்த எண்ணத்தில்தான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து புது ரீலைப் பிரித்தேன். உள்ளே கம்பெனிக்காரன் வைத்திருந்த எண்ணெய் கண்ணுக்கே தெரியவில்லை. கஞ்சப் பயல் என்று அவனைத் திட்டிக்கொண்டே, இடுக்கு மிச்சம் வைக்காமல் எங்கள் கிரீஸை அப்பி மூடினேன்.

மறுநாள் அவரிடம் கொடுத்தேன்.

“உள்ள நம்ம கிரீஸையே வெச்சிருக்கேன்பா. பத்து வருஷத்துக்கு நீ தொறக்கவே வேணாம்.”

அவர் கைப்பிடியை ரெண்டு சுற்றுச் சுற்றினார். “சரிங்க சார்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஏரிக்குப் போனேன். என் தேர்வை நானே பார்த்து ரசிக்க வேண்டும் அல்லவா? காலை எட்டு மணி இருக்கும். என் பழைய ராடு ஒன்றில் அவருடைய ரீலை மாட்டிக் கொடுத்திருந்தேன். உருண்டை போட்ட அரை மணியில் மீன் மாட்டியது. ராடு வில்லாக வளைந்தது. அவர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும் மீன் எதிர்ப்பக்கம் ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. கைப்பிடி அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு தலைகீழாகச் சுழன்று விரல் முட்டிகளில் படபடவென்று அடித்தது. நரம்பு கட்டுப்பாடில்லாமல் ஓடியது.

நரம்பு ஓடினால் கையால் பிடிக்கத்தான் அவருக்குப் பழக்கம். முப்பது வருஷப் பழக்கம். பிடித்துவிட்டார்.

இந்தத் தடவை நடு விரலும் மோதிர விரலும். ரத்தம் மணிக்கட்டு வழியாக வழிந்தது. என் துண்டைச் சுற்றி வண்டியில் ஏற்றினேன். கரையில் நின்ற ரெண்டு மூன்று பேர் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்ததை எழுதவே கூசுகிறது.

“சீப் ரீல் வாங்குனா இப்படித்தான் ஆவும்” என்றேன்.

அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

விரலுக்குள் தசைநார் அறுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தையல் போட்டு, ரெண்டு மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார். மூன்றாவது வாரமே கேட் பாஸ் வேறு ஆளுக்குப் போய்விட்டது. என் கன்வேயருக்குப் புதிதாக ஒரு ஆள் கிரீஸ் வைக்க வந்து நின்றான்.

அந்தப் புது ஆள் வந்த அன்றுதான், வீட்டில் என் ராடிலேயே கிடந்த ரீலைப் பிரித்தேன். கைப்பிடி பின்பக்கம் சுழலாமல் பிடித்து நிறுத்துகிற ஒரு சின்ன வளையம் உள்ளே உண்டு. அது ஏறக்குறைய உலர்ந்தே இருக்க வேண்டும். கெட்டியான கிரீஸ் பட்டால் வழுக்கிவிடும். நான் அதை கிரீஸில் முழுக்காட்டியிருந்தேன். சாய்வான கன்வேயரில் மின்சாரம் நின்றால் பெல்ட் பின்னால் ஓடாமல் பிடிக்கிற ஹோல்ட்பேக்கும் அதே மாதிரியானதுதான். உருளைகளுக்கு வைக்கிற கிரீஸ் அதில் படவே கூடாது என்று அப்ரண்டிஸ்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். சோப்புப் போட்டு நாலு தடவை கை கழுவியும் அன்று சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை.

இது தெரிந்த பிறகும் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஷிப்ட் மேல் பழி போட்டேன், மழை மேல் போட்டேன். என்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பில் பாதி அந்த ஒன்பது நாளுக்கானது.

போனபோது வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “சாரு வூட்டுக்கே வந்துட்டாரு பாரு” என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரீல் மேல தப்பு இல்ல” என்றேன். “நான் வெச்ச கிரீஸாலதான் கைப்பிடி வழுக்கிடுச்சு. தப்பு என்னோடதுண்ணே.”

அண்ணே என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

“தெரியுங்க சார்” என்றார்.

“தெரியுமா?”

“நம்ம கிரீஸுன்னு நீங்க சொன்னப்பவே திக்குன்னுதாங்க இருந்துச்சு. ஹோல்ட்பேக்குல அத வெக்கக் கூடாதுன்னு எங்கிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருக்கீங்க. ரீலுக்குள்ளயும் அதுமாரி எதுனா இருக்குமேன்னு நெனச்சிகினுதான் சுத்திப் பாத்தேன்.”

“அப்ப ஏண்ணே சொல்லல?”

கட்டுப் போட்ட கையை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபப்படுகிற உரிமை தனக்கு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

“நீங்க எங்க சார் கேட்டீங்க?” என்றார். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க.”