அவள் முணுமுணுத்த இடையிசை

கல்லூரியில் எனக்குப் 'பாட்டு டாக்டர்' என்று பட்டப்பெயர். சினிமாவிலும் டிவியிலும் வரும் பாட்டுகள்தான் என் ஆராய்ச்சி. முனைவர் பட்டம் வாங்கியது அதில், விழுப்புரத்தில் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்திப் பிழைப்பதும் அதில். தமிழ்த்துறை நண்பர் ஒருவர் என்னைக் கண்டாலே, "நாங்க சங்கப் பாட்டுல முத்துக் குளிச்சிக்கினு இருக்கோம், நீங்க சீரியல் பாத்துக்கினு சம்பளம் வாங்குறீங்க" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். சாயங்காலமானால் அவர் வீட்டில் எந்த சீரியல் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

வீடு திண்டிவனத்தில். ரயிலில் போய் வருவேன். என் மனைவி பெருமுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ராகம் தாளம் எதுவும் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. நான் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் குறிப்பெடுத்தால் அவளுக்கு எரிச்சலாக வரும். "பாட்டு கேக்குறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்றீங்களா? ஒரு தடவ சும்மா கேளுங்களேன்" என்பாள். சும்மா கேட்பது எப்படி என்பது எனக்கு எப்போதோ மறந்துவிட்டிருந்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், தட்டில் கொட்டிக்கொண்டு தரையில் உட்காருவோம். ஒருவர் ஏதாவது ஒரு பாட்டின் இடையிசையை மட்டும் முணுமுணுக்க வேண்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே, பாடுகிறவர் வாயை மூடியதும் வாத்தியங்கள் மட்டும் பேசுமே, அது. ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. மற்றவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றவர்தான் சிதறிக் கிடக்கும் மல்லாட்டைத் தோலைப் பெருக்க வேண்டும். எங்கள் வீட்டுத் துடைப்பம் பெரும்பாலும் அவள் கையில்தான் இருந்தது. சோறு போடும் தொழிலில் நான் தோற்றால் வெளியே தலைகாட்ட முடியுமா?

அப்படி ஒரு ஞாயிறு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் ஒரு மெட்டை முணுமுணுத்தாள். மேலே ஏறியது, வளைந்தது, பொசுக்கென்று நின்றது. நிறைய நேரம் சத்தமே இல்லை. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறங்கியது. எனக்குப் பிடிபடவில்லை. தொழில் புத்தி, போனை எடுத்து இன்னொரு தடவை பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். பதிவின் கடைசியில் அவள் குரல் வரும்: "அடுத்த வாரம் வரைக்கும் டைம் தர்றேன். தோத்தா பெருக்கிடணும், சாக்கு சொல்லக் கூடாது."

அடுத்த வாரம் அவள் இல்லை. பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள். நான் ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு எனக்கு ஒரே வேலை, அந்த மெட்டைக் கண்டுபிடிப்பது. என்னிடம் இருந்த பாட்டுகளையெல்லாம் கேட்டேன், சீரியல் டைட்டில் பாட்டுகள், விளம்பர இசை வரை. அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் எங்கேயோ உட்கார்ந்து அவள் துடைப்பத்தை எடுப்பாள் என்று ஒரு நப்பாசை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவள் எனக்கு வேண்டியிருந்தாள். எதிரில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்க வேண்டியிருந்தாள்.

கண்டாச்சிபுரத்தில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்த ஒருவரைத் தேடிப் போனேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சார், இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாட்டே இல்லாத மாதிரி இருக்கே" என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று திரும்பிவிட்டேன். அந்த நடு மௌனம் என்னை ஆட்டிவைத்தது. பாதியில் இசையை நிறுத்திக் காத்திருக்க வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசியே விட்டேன். பெயர் தெரியாத அந்த இசையமைப்பாளரின் மேதைமையைப் புகழ்ந்தேன். கைதட்டினார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு மட்டும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியதில்லை. அம்மா குரலைக் கேட்டால் உடைந்துவிடுவாள் என்ற பயம். முதல் திதிக்கு வந்தவள், மறுநாள் சாயங்காலம் மல்லாட்டை வேகவைத்தாள். தட்டோடு கூடத்துக்கு வந்தபோது நான் போனைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவசரமாக அணைக்கப் போனேன். விடவில்லை. கேட்டாள். அழப்போகிறாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

"எந்தப் படம்னு தெரியலம்மா. ஒரு வருஷமா தேடிக்கினு இருக்கேன்" என்றேன்.

"படமா? இது நீங்கப்பா. காலைல ஷேவ் பண்ணும்போது முணுமுணுப்பீங்களே, அது. அம்மா சமையக்கட்டுல நின்னுக்கினு உங்கள மாதிரியே பண்ணிக் காட்டுவாங்க. நாங்க ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கினு சிரிப்போம்."

"நடுவுல நிக்குதே, அந்த எடம்?"

"மேலுதட்ட இழுத்துப் புடிச்சி ஷேவ் பண்ணுவீங்க. அப்ப மூச்சுகூட விட மாட்டீங்க." சொல்லிவிட்டு என் தாடியைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அவள் அம்மா போன பிறகு நான் ஷேவ் செய்யவே இல்லை. காரியம் முடிந்ததும் எடுக்கலாம் என்றார்கள், எனக்குத் தோன்றவில்லை. அப்படியே விட்டதில் வளர்ந்துவிட்டது. ஊரில் உள்ளவன் பாட்டையெல்லாம் கேட்டவன், என் வாயில் தினமும் என்ன ஓடியது என்று கேட்கவில்லை. அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

மறுநாள் காலையில் கண்ணாடி முன் நின்று தாடியைக் கத்தரித்துவிட்டுச் சோப்பு நுரை போட்டேன். கன்னத்தில் ரேசரை வைத்துக் காத்திருந்தேன். மெட்டு வரவில்லை. பதிவில் உள்ளதை வேண்டுமென்றே பாடிப் பார்த்தேன், வகுப்பில் பாடிக் காட்டுவது மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். மேலுதட்டை இழுத்துப் பிடித்தபோது மூச்சு தானாக நின்றது. அந்த இடைவெளி மட்டும் அப்படியே வந்தது. பக்கத்தில் சமையற்கட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நேற்றைய மல்லாட்டைத் தோல் தரையெல்லாம் கிடந்தது. மகள் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தாள்.

"குடும்மா, தோத்தது நான்தான்" என்று வாங்கிக்கொண்டேன்.