சர்வருக்கு வெளியே போகும் வழி

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். அதற்கு இரண்டு இணைப்புகள். ஒன்று உள்ளே மெஷின்களுக்கு, மற்றொன்று இன்டர்நெட்டுக்கு.

வெளியே போக எப்போதும் எடுக்க வேண்டிய இணைப்பு, அதாவது டீஃபால்ட், எது என்று நிரந்தரமாகக் குறித்துவிடலாம் என மேனேஜரிடம் பலமுறை கேட்டேன்.

"ஓடறத ஏம்மா நோண்டறே?" என்றார்.

இன்று கரண்ட் போய் வந்ததும் சர்வர் உள் இணைப்பையே பிடித்துக்கொண்டது. இன்டர்நெட் கிடைக்காமல் பில் போட முடியவில்லை. பில் இல்லாததால் சரக்கு ஏற்றிய லாரிகள் வெளியேற முடியாமல் கேட்டிலேயே நின்றன.

"பொண்டாட்டி கதிர்காமம் ஆஸ்பத்திரில பிரசவத்துக்கு இருக்கா மேடம். இந்தச் சரக்க கொண்டுபோய் எறக்கிட்டுதான் அங்க போவணும்," என்றார் ஒரு டிரைவர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இம்முறை யாரையும் கேட்காமல் இன்டர்நெட் இணைப்பை டீஃபால்ட் ஆக்கினேன். லாரிகள் கிளம்பின.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். "கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டேன் சார்."

உங்கள் ஆபீஸில் சரிசெய்வது யார், செய்ததாகச் சொல்வது யார்?